வெறுங்காணி என்று கீற மாட்டேன்

நான் படவரைஞர். காணிகளுக்கும் வீதிகளுக்கும் கரைகளுக்கும் வரைபடம் கீறுவது என் தொழில். திருகோணமலை நகரத்தில், ஜன்னலைத் திறந்தால் உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும் மாடியொன்றில், தனியார் நில அளவையாளர் ஒருவரின் அலுவலகத்தில் பதினாறு வருடங்கள் வேலை செய்தேன். அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் நான். அளவையாளரின் முகத்துக்கு நேரே "ஏலாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிய முதல் ஆளும் நான்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் மணிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடக்கணக்காக மௌஸைப் பிடித்து இழுத்து இழுத்து வலது கை வீங்கிவிட்டது. தேங்காய் துருவ முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை. கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார் வைத்தியர். அதை அளவையாளரிடம் சொன்னபோது, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வீட்டில் இரும் என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் இருந்த கதிரையில் அடுத்த கிழமையே வேறொருவர் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். நான் வீட்டில் இருக்கவில்லை. பென் டப்லெட் ஒன்று வாங்கினேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது ஒரு கறுப்புப் பலகை. அப்பியாசக் கொப்பி அளவுதான் இருக்கும். அதைக் கணினியோடு இணைத்துவிட்டு, அதற்கென்று இருக்கும் பேனாவால் பலகையில் கீற வேண்டும். பலகையில் ஒன்றும் விழாது. கோடு கணினித் திரையில் விழும். கை ஓரிடத்திலும் கண் வேறோரிடத்திலும் இருக்க வேண்டும். முதல் நாள் நான் கீறிய கோடு, வெயிலுக்கு ஓடும் நண்டின் தடம் போல இருந்தது. அளவையாளர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "உது சின்னப் பிள்ளையள் விளையாடுற சாமான். உதில கோடு நேரா வராது," என்றார்.

நேராக வர வேண்டியதில்லை என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போனதும், துறைமுகத்தின் செய்மதிப் படத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு அதன் கரையைக் கீறிப் பழகினேன். திருகோணமலைத் துறைமுகத்தின் கரை போலப் பழகுவதற்கு நல்லது வேறில்லை. ஒரு குடாவுக்குள் போய் வெளியே வருவதற்குள் இன்னொரு குடா தொடங்கிவிடும். மௌஸால் கீறும்போது சொடுக்கிச் சொடுக்கிப் புள்ளிகளை வைக்க வேண்டும். புள்ளிகளுக்கு நடுவே கோடு நேராக ஓடும். கரை முழுவதும் மூலை மூலையாக உடைந்து நிற்கும். பேனா அப்படியல்ல. நீர் எப்படி வளைந்து போகிறதோ அப்படியே அதுவும் வளைந்து போகும். ஒரு மாதத்துக்குள் என் கை சொன்னதைப் பேனா கேட்கத் தொடங்கியது. மணிக்கட்டு வீக்கமும் வற்றியது. அதன் பிறகு அலுவலகத்துக்கு வந்த கரையோர வேலைகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வந்தன. விளையாட்டுச் சாமான் என்ற கதையை அளவையாளர் மறுபடி எடுக்கவில்லை.

அப்படித்தான் அந்த வேலையும் என்னிடம் வந்தது.

நகரத்துக்கு வடக்கே, சாம்பல்தீவையும் தாண்டிப் போகும் கரையில் ஒரு துண்டை எடுத்து, விடுதிகள் கட்டுவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி திட்டம் போட்டிருந்தது. அந்தத் துண்டுக்கு அடிப்படை வரைபடம் கேட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் கள அளவை செய்பவர் கிண்ணியாக்காரர், என்னைவிட மூத்தவர், அங்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஜீபீஎஸ் கருவியோடு நாலு நாள் அந்தக் கரையில் நடந்து அளந்துகொண்டு வந்தார். நான் செய்மதிப் படத்தின் மேல் அவருடைய அளவுகளை வைத்து, பேனாவால் கீறத் தொடங்கினேன்.

கரையைக் கீறி முடித்து உள்ளே வந்தபோது, வீதிக்கும் கடலுக்கும் இடையில் வெள்ளை நூல்கள் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்த்தால் ஒற்றையடிப் பாதைகள். எல்லாம் வெவ்வேறு வீட்டு வேலிகளில் தொடங்கி, ஒரு கிணற்றடியில் கூடி, அங்கிருந்து கரைக்குப் பிரிந்தன. கரை மணலில் வள்ளங்கள் நெல்மணி போலக் கிடந்தன. பக்கத்தில் வரிசையாகச் சாம்பல் நிறச் சதுரங்கள். மீன் காயப் போடும் இடம் என்று எனக்கு விளங்கியது. பாதை, கிணறு, வள்ளம் ஏற்றும் இடம், மீன் காயும் இடம், கரைவலை இழுக்கும் பாடு என்ற கரைத்துண்டு எல்லாவற்றையும் தனி லேயராகக் கீறினேன். கணினி வரைபடத்தில் லேயர் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றை உருவி எடுத்தால் மற்றவை அப்படியே இருக்கும்.

அந்த வசதிதான் வினையாகிப் போனது. வேலை முடிந்து காட்டியபோது அளவையாளர் நன்றாக இருக்கிறது என்றார். இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்து நின்றார். வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ளதை வெறுங்காணி, பற்றைக்காடு என்று காட்டினால் போதும் என்று கொம்பனியில் சொல்லுகிறார்களாம். நான் கீறியது சரிதானாம், ஆனால் தேவையில்லையாம். அந்த லேயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

நானாவிடம் போய்க் கேட்டேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அங்க ஆக்கள் இருக்காங்க தங்கச்சி. வெறுங்காணியில ஆரு எனக்கு நாலு நாளும் தேத்தண்ணி தந்தது? நான் நடந்த பாதையெல்லாம் ஆரோ நடந்து நடந்து விழுந்த பாதை."

அடுத்த சனிக்கிழமை நிலாவெளி பஸ்ஸில் ஏறிப் போய் இறங்கினேன். கிராமத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நடந்த ஒரு காரியத்தையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அது அவர்களுடைய வீட்டுக் காரியம்.

பதினாறு வருடங்களில் நூற்றுக்கணக்கான இடங்களைக் கீறியிருக்கிறேன். கீறிய பிறகு போய்ப் பார்த்த முதல் இடம் அதுதான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. வேலியோரப் பாதையில் இறங்கியபோது இடப்பக்கம் எங்கே திரும்பும், கிணறு எங்கே வரும் என்றெல்லாம் என் கைக்குத் தெரிந்திருந்தது. கருவாட்டு மணத்தையும், மணலின் சூட்டையும், நாய்களையும் தெரிந்திருக்கவில்லை.

கரையில் ஒரு பெண் வலைத் துண்டுகளின் மேல் நெத்தலி பரப்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போன பிறகு இருபது வருடங்களாக மீன் காயப் போட்டு மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்தவர் என்று பிறகு அறிந்தேன். நான் அவரை அக்கா என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமல், கொம்பனி ஆளா என்று கேட்டார். இல்லை, இந்த இடத்துக்கு வரைபடம் கீறும் ஆள் என்றேன்.

"அப்ப எங்களைக் கீறினீரோ?"

"கீறினனான் அக்கா. அழிக்கச் சொல்லினம்."

அவர் கையில் இருந்த நெத்தலியை உதறிப் பரப்பினார். "அழிச்சா நாங்க போயிடுவமோ?" என்றார். பிறகு ஒரு பக்கம் காய்ந்ததைப் புரட்டிப் போடச் சொன்னார். புரட்டிப் போட்டேன். போகும்போது ஒரு பையில் கருவாடு தந்தார்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் நேரே அளவையாளரின் அறைக்குள் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. யுத்தம் நடந்த காலத்தில் ஊரில் எவரும் அலுவலகம் திறந்து வைக்கப் பயந்தபோது திறந்து வைத்திருந்தவர். எனக்குத் தொழில் தந்தவர். அதனால்தான் நின்று கதைத்தேன். இல்லாவிட்டால் ஒரு கடிதத்தோடு முடித்திருப்பேன். நான் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "நாங்கள் அளக்கிற ஆக்கள் பிள்ளை. ஆருக்கு எந்த நிலம் எண்டு தீர்மானிக்கிற ஆக்கள் இல்லை," என்றார்.

"ஓம் சேர். நானும் அதைத்தான் சொல்லுறன். இருக்கிறதைக் கீறுறதுதான் எங்கட வேலை. இல்லை எண்டு தீர்மானிக்கிறதுக்கு நாங்கள் ஆர்?"

எனக்குச் சங்கடம் என்றால், படத்தின் மூலையில் வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயர் வராமல் பார்த்துக்கொள்வதாகவும், லேயரைத் தானே எடுத்துவிடுவதாகவும் அவர் சொன்னார். அவருக்கு அது ஒரு சலுகை. எனக்கு அது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. கட்டத்தில் இருந்து பெயரை எடுக்கலாம். அந்தக் கரையின் ஒவ்வொரு வளைவையும் கீறிய கையை எதிலிருந்து எடுப்பது?

"எனக்கு ஏலாது சேர்," என்றேன்.

என் டப்லெட்டையும் பேனாவையும் துணிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். அலுவலகத்துக் கோப்பு ஒன்றையும் எடுத்துக்கொண்டு வரவில்லை. திருடிக்கொண்டு போனாள் என்று சொல்ல ஒருவருக்கும் இடம் வைக்கக்கூடாது என்று நினைத்தேன். வீட்டில் என் கணவர் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அவர் பாடசாலை ஆசிரியர். எதையும் நாலு தரம் யோசிப்பவர். மறுநாள் காலையில் குசினி வாசலில் வந்து நின்று, இனி என்ன செய்யப் போகிறீர் என்று கேட்டார். அதே இடத்தை மறுபடி கீறப் போகிறேன் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் பழைய மடிக்கணினியைத் துடைத்து எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

இதற்கிடையில் பிரதேச செயலகத்தில் அந்தத் திட்டம் பற்றி மக்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் வைக்கப் போகிறார்கள் என்று கிராமத்துக்கு அறிவித்தல் வந்திருந்தது. நான் போய், உங்களுடைய இடத்தை நீங்களே சொல்லச் சொல்ல நான் கீறித் தருகிறேன் என்றேன். மீனவர் சங்கத் தலைவர் உடனே சம்மதித்தார். உயரமான, குரல் கனத்த மனிதர். யுத்தத்துக்குப் பிறகு சிதறிப் போன குடும்பங்களைத் தேடித் தேடி அந்தக் கரைக்குத் திருப்பிக் கூட்டி வந்தவர் அவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். சங்கக் கட்டிடத்தைத் திறந்து, மேசையும் மின்சாரமும் தந்தார்.

முதல் நாள் பதினைந்து பெண்கள் வந்திருந்தார்கள். ஆண்கள் கடலில். நான் செய்மதிப் படத்தை விரித்து, பேனாவால் வீதியைக் கீறத் தொடங்கினேன். எல்லோரும் திரையைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் ஒருவர் மெதுவாக, "பேனையில மை முடிஞ்சு போச்சு போல பிள்ளை," என்றார். கணினியை அவர்கள் பக்கம் திருப்பி, கோடு விழும் இடத்தைக் காட்டினேன். அதன் பிறகு சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

நெத்தலி காயப் போடும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று கையை நீட்டினார். பேனாவைக் கேட்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. என் பேனாவை நான் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. கொடுத்தேன். உப்பில் வெடித்த விரல்களால் அதைப் பிடித்துப் பலகையில் வைத்தார். கோடு திரைக்கு வெளியே பாய்ந்தது. "இது சொல்லுக் கேக்குதில்லை," என்றார். சேலையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பலகையைப் பார்க்காமல் திரையைப் பார்க்கச் சொன்னேன். எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அவருக்கு அன்று பின்னேரத்துக்குள் வந்துவிட்டது.

தன் வீட்டுப் படலையில் பேனாவை வைத்தார். அங்கிருந்து நடந்து போவது போலவே மெதுவாகக் கீறினார். இதில முள்ளு. இதில கிணத்தடி, கூடையை இறக்கி வைக்கிற இடம். இதில மழைக்குத் தண்ணி நிக்கும், சுத்திப் போகவேணும். செய்மதிப் படத்தில் தெரிந்த பாதையோடு அவருடைய கோடு ஒட்டிக்கொண்டே போனது. கிணற்றடி தாண்டி ஓரிடத்தில் மட்டும் பாதை வலப்பக்கம் திரும்ப, அவருடைய கோடு நேரே போனது. தவறிவிட்டது என்று நினைத்தேன்.

"அக்கா, இதில பாதை இல்லை. வேலி கிடக்குது."

அக்கா பேனாவை எடுக்கவில்லை. "வேலி இப்ப வந்தது. பாதை எப்பவும் இருந்தது," என்றார்.

பின்வரிசையில் இருந்த ஒருவர்தான் விளக்கினார். அந்த இடத்தில் இருப்பது சங்கத் தலைவரின் வாடி. வலையும் என்ஜினும் வைக்கும் கொட்டில். இரண்டு வருடங்களுக்கு முன் அதைப் பெருப்பித்துச் சுற்றித் தகரம் அடித்தார். பெண்கள் கரைக்குப் போகும் பாதை தகரத்துக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து அவர்கள் மீன் கூடையோடு முட்பற்றையைச் சுற்றித்தான் போய் வருகிறார்கள். கேட்டபோது, பிறகு பார்ப்போம் என்றாராம். பிறகு என்பது இரண்டு வருடமாக வரவில்லை.

நான் தகர வேலியைக் கீறினேன். அதன் குறுக்கே அக்கா கீறிய கோடும் அப்படியே இருந்தது.

மறுநாள் தலைவர் வந்தார். திரையைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது தெரிந்தது. என்னை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய், குரலை உயர்த்தாமல்தான் கதைத்தார். இந்தப் படம் வெளியே போகிற படம். கொம்பனி ஆட்கள் இதைப் பார்த்தால், இவர்களே பாதையை அடைத்துக்கொண்டு எங்களிடம் பாதை கேட்கிறார்கள் என்று சிரிப்பார்கள். கரையைக் காப்பாற்றிய பிறகு வேலியைப் பற்றிக் கதைக்கலாம். "இப்ப அதைக் கீறாதீங்க பிள்ளை. எங்கட வீட்டுச் சண்டை ஊருக்கு என்னத்துக்கு?"

அவர் சொன்னதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் படம் தோற்றால் எல்லோரும் தோற்பார்கள். ஒரு நிமிடம் எனக்கும் தடுமாற்றம் வந்தது. பிறகு அவருடைய சொற்களை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். நீர் கீறினது சரி, ஆனால் இப்போது தேவையில்லை. அதே கதை. மாடி அறையில் கேட்டாலும் வேப்பமரத்தடியில் கேட்டாலும் அது அதே கதைதான்.

"அண்ணை, ஒரு இடத்தில அழிக்கச் சொன்னதுக்குத்தான் நான் வேலையை விட்டுப்போட்டு வந்தனான். இங்கயும் அழிக்க ஏலாது," என்றேன். அப்படியானால் சங்கக் கட்டிடத்தில் இருந்து கீற வேண்டாம் என்றார்.

அதற்குள் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். எல்லோரும் என் பக்கம் இருந்தார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். உண்மை அப்படியில்லை. பாதிப் பேருக்கு மேல் தலைவர் சொல்வதுதான் சரி என்றார்கள். ஒருவர், நாளைக்கு நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள், நாங்கள் இவரோடுதான் இருக்க வேண்டும் என்று என்னிடமே சொன்னார்.

அக்கா உள்ளே போய்ப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார். தலைவருக்கு முன்னால் நீட்டினார்.

"என்ட பாதையை நான் கீறிட்டன். அழிக்கிறதெண்டா நீங்க வந்து உங்கட கையால அழியுங்க."

தலைவர் பேனாவைப் பார்த்தார், வாங்கவில்லை. அக்கா கையை மடக்கவும் இல்லை. கரையில் என்ஜின் சத்தம் கேட்டது. வள்ளங்கள் திரும்பத் தொடங்கியிருந்தன. தலைவர் கரைப் பக்கம் நடந்தார். நாங்கள் உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தோம். கட்டிடத்தைப் பூட்ட எவரும் வரவில்லை.

கூட்டம் நடந்த அன்று பிரதேச செயலகத்தின் மண்டபத்தில் கொம்பனியின் வரைபடம் சுவரை அடைத்துத் தொங்கியது. நல்ல நிறங்கள், நல்ல தாள். வீதிக்கும் கடலுக்கும் இடையில் முழுவதும் மஞ்சள். அதற்குள் வெறுங்காணி என்று எழுதியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கரைக்கோடு என்னுடையது. கரையில் நிற்கும் கற்பாறைக்கு வெளியால் வளைந்து, சிற்றாறு விழும் இடத்தில் உள்வாங்கி, நான் கீறியது கீறியபடியே இருந்தது. உள்ளே இருந்ததை மட்டும் துடைத்து எடுத்திருந்தார்கள். எனக்குக் கண் கலங்கவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபம் நல்லதற்கு வந்தது.

எங்கள் படத்தைப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். அளவையாளர் முன்வரிசையில் கொம்பனிக்காரரோடு இருந்தார். என்னைக் கண்டு தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி இளவயதுப் பெண். இதைக் கீறியது யார் என்று கேட்டார். எழுந்தேன். நான் அனுமதி பெற்ற அளவையாளரா என்று கேட்டார். இல்லை என்றேன். இது காணி உறுதிப் பத்திரத்துக்கான படம் இல்லை, இவர்கள் பாவிக்கிற இடங்களின் படம். பிழை என்று நினைத்தால் எந்தக் கோட்டிலும் வந்து நடந்து பார்க்கலாம் என்றேன். கொம்பனிக்காரர் எழுந்து, இந்தப் பாதைகள் மாடு நடந்த தடமாகவும் இருக்கலாம் என்றார்.

அக்கா இருந்த இடத்தில் இருந்தே, "மாடு கிணத்தடியில கூடையை இறக்கி வச்சு இடுப்பு நிமிர்த்தாது ஐயா," என்றார்.

மண்டபம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரைக்கோட்டில் விரலை வைத்து, இரண்டிலும் கரை ஒரே மாதிரி இருக்கிறதே என்றார். அளவையாளரைப் பார்த்து, களத்தில் அளந்தபோது இந்தப் பாதைகள் இருந்தனவா என்று நேரடியாகக் கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். பக்கத்தில் இருந்த கொம்பனிக்காரர் ஏதோ மெதுவாகச் சொன்னார். அளவையாளர் அவர் பக்கம் திரும்பவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை.

"ஓம். அளந்த நேரம் இருந்தது," என்றார்.

பொய் சொல்லத் தெரியாதவரை அழிக்கச் செய்ய முடிந்திருக்கிறது. இதை நான் இன்னும் யோசிக்கிறேன். அவர் என்னைவிடக் கோழையும் அல்ல, என்னைவிடக் கெட்டவரும் அல்ல. ஒருவரும் நேரே கேட்காதவரை, லேயரை எடுப்பது அவருக்குப் பொய்யாகத் தெரியவில்லை. ஒரு பொத்தானை அழுத்துவதாகத்தான் தெரிந்திருக்கிறது.

நேரில் வந்து பார்ப்பதாக அதிகாரி சொன்னார். சொன்னபடி வந்தார். எங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாதையிலும் நடந்தார். தலைவர் முன்னால் நடந்து எல்லாவற்றையும் காட்டினார்; அவரைவிட அந்தக் கரையை விளங்கப்படுத்தக்கூடியவர் வேறில்லை. கிணற்றடி தாண்டித் தகர வேலிக்கு முன்னால் வந்ததும் அதிகாரி நின்றார். படத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். இதில் பாதை என்று இருக்கிறதே என்றார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது திறப்பதற்காக இருக்கிற இடம் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

கிழமைகள் போய் மாதங்களாயின. கடைசியில் திட்டத்தின் எல்லையை மாற்றினார்கள். வள்ளம் ஏற்றும் இடமும், மீன் காயும் இடமும், கரைவலைப் பாடும், பாதைகளும் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. வடக்குப் பக்கத்துச் சவுக்கு மரங்களும் அங்கே இருந்த இரண்டாவது கிணறும் கொம்பனியின் எல்லைக்குள் போய்விட்டன. அந்தக் கிணற்றில் அள்ளிய நாலு குடும்பங்கள் இப்போது தூரம் நடக்கின்றன. அவர்களில் ஒருவர் என்னை வழியில் கண்டு, எங்கட கிணத்தையும் கீறினனீங்கள்தானே, பிறகு ஏன் போனது என்று கேட்டார். கீறினால் மட்டும் போதாது என்றேன். அது பதிலல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தலைவர் தன் வேலியில் இருந்து ஒரு தகரத்தைக் கழற்றினார். ஒரேயொரு தகரம். கூடையைத் தலையில் வைத்தால் போகலாம், இடுப்பில் வைத்தால் போக முடியாது. அக்கா இன்னொன்றைக் கழற்றும்படி சங்கத்தில் மாதாமாதம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் வரைபடத்தைத் திருத்தினேன். வேலியில் ஒரு தகரத்தின் அளவுக்கு இடைவெளி விட்டேன். அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அளவையாளர் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார். திரும்ப வரச் சொன்னார். கரையோர வேலைகளுக்கு ஆளில்லை என்றார். நான் கீறியதை என்னைக் கேட்காமல் ஒருவரும் எடுக்கக்கூடாது, அதை எழுத்தில் தர வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் யோசித்துக்கொண்டே இருக்கட்டும். நான் வீட்டு முன்னறையில் மேசை போட்டுவிட்டேன்.

இப்போது பல இடங்களில் இருந்தும் வருகிறார்கள். வெருகல் பக்கத்தில் இருந்து ஆற்றோர வயல்காரர்கள் வந்தார்கள். மூதூரில் இருந்து ஒரு குளத்தைப் பற்றிக் கதைக்க வந்தார்கள். வருபவர்களுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன். இருக்கிறதைத்தான் கீறுவேன். உங்களுக்கு விருப்பமில்லாதது இருந்தாலும் கீறுவேன். கீறிய பிறகு எடுக்கச் சொல்லக்கூடாது. சிலர் அதைக் கேட்டுவிட்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று எழுந்து போவார்கள். அவர்கள் திரும்பி வருவதில்லை.

போன கிழமை வந்த இருவரில் ஒருவர் அப்படித்தான் எழுந்து போனார். மற்றவர் இருந்தார். தங்கள் ஊர் வாய்க்காலைத் தன் சொந்தத் தமையனே மறித்துக் கட்டியிருக்கிறார், அதையும் கீற வேண்டுமா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். வாய்க்கால் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கேட்டேன்.